ஆர்டினன்ஸும் ஆர்ட்னன்ஸும்

வேல்ஸ் தேசத்துக் கார்டிப் நகரத்திலே "டெய்லர் அண்டு சன்ஸ்" என்று ஓர் எஞ்சினீயரிங் கம்பெனி இருந்தது. நூறு வருஷத்திற்கு மேற்பட்ட பழமையுடையது. 250 பேருக்கு மேல் அதை நம்பிப் பிழைத்து வந்தார்கள். 2009-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் ஒரு நாள், கோர்ட்டு உத்தரவின்படி அந்தக் கம்பெனி கலைக்கப்படுவதாக, கம்பெனிகளைப் பதிவு செய்யும் பிரிட்டிஷ் சர்க்கார் காரியாலயத்தின் ஏட்டில் குறிப்பு ஏறிவிட்டது. உண்மையில் கோர்ட்டார் கலைக்கும்படி உத்தரவிட்டது "டெய்லர் அண்டு சன்" என்ற வேறொரு கம்பெனியை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் "எஸ்" என்னும் ஓர் எழுத்து. அந்தக் காரியாலயத்தின் தலைமை ஸ்தலமும் அதே கார்டிப் நகரந்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை.

காரியாலயத்தார் சில நாட்களிலேயே பிழையைக் கண்டு திருத்திவிட்டார்கள். ஆனால் அதற்குள், வியாபாரிகளின் நாணயத்தைப் பற்றித் தகவல் விற்கும் ஸ்தாபனங்களின் கைக்குச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. சரக்கு அனுப்பி வந்தவர்கள் கடனுக்கு அனுப்ப மறுத்தார்கள். இரண்டு மாத காலத்தில் கம்பெனி முறிந்தது. 2015 ஜனவரியில் லண்டன் ஹைகோர்ட்டு நீதிபதி, நஷ்டத்திற்குப் பதிவுக் காரியாலயமே பொறுப்பாளி என்று தீர்ப்புக் கூறினார். வேலை இழந்து ஆறு வருஷமாகத் திசைக்கு ஒருவராய்ப் போனவர்களுக்கு அத்தீர்ப்பினால் வந்த லாபம் என்ன?

இது நடந்தது இங்கிலீஷ் வழங்கும் நாட்டில். செய்தவர்கள் இங்கிலீஷிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். அவர்கள் கதியே இப்படியானால், அந்தப் பாஷையைப் பள்ளிக்கூடத்தில் நெட்டுருப் போட்டும், காதால் கேட்டும், அதிலேயே மனு எழுதி, அதிலேயே பத்திரம் எழுதி, அதிலேயே தீர்ப்பு வாங்கிக்கொள்ளும் நம் ஜனங்களின் கதி என்ன என்பதை நேயர்கள் சற்று யோசித்துப் பார்க்க வேண்டும்.

இங்கிலீஷ் பாஷையில் ஒலியால் ஒன்றாகவும் பொருளால் வேறாகவும் உள்ள சொற்கள் எண்ணிறந்தன. "ரைட்" என்று காதில் விழுந்தால் அது உரிமையா, எழுதுவதா, சடங்கா, தச்சனைக் குறிக்கும் பழைய சொல்லா என்பதைக் காது சொல்லாது. நான்கையும் நான்கு விதமாக எழுத்துக் கூட்டுகிறார்கள், கண் ஒன்றே சொல்லும். இங்கிலாந்தின் ஆஸ்தான கவியாக இருந்த ராபர்ட் பிரிட்ஜஸ் என்பவர் 1919-இல் இந்த ஒலி ஒப்புமைச் சொற்களைப் பற்றி ஒரு சிறு நூலே எழுதினார். தம் பாஷைக்கு இது ஒரு நோய் என்றே அவர் கருதினார். கவிகள் ஒலியை நம்பிப் பிழைப்பவர்கள். அவர்களுக்கல்லவா முதலில் வலிக்கும்?

இந்த நிலை எப்படி வந்தது? 1066-இல் நார்மண்டி பிரபுவான வில்லியம் கடல் கடந்து வந்து இங்கிலாந்தை ஜயித்தான். அதன்பின் ஏறக்குறைய முந்நூறு வருஷம், அரண்மனையிலும் நியாயஸ்தலத்திலும் பிரெஞ்சு. மடாலயத்திலும் ஏட்டிலும் லத்தீன். உழுகிறவன், நெய்கிறவன் வாயில் மட்டும் இங்கிலீஷ். ஜட்ஜ், ஜூரி, கோர்ட்டு, அட்டர்னி, ப்ளீடர், பெயில் ஆகிய இச்சொற்களில் ஒன்றுகூட அசல் இங்கிலீஷ் அல்ல. யாவும் ஜயித்தவன் கொண்டு வந்த பிரெஞ்சு. ஒரே லத்தீன் வேரிலிருந்து இரண்டு சொற்கள் இரண்டு வழியாக வந்து புகுந்ததும் உண்டு. வெவ்வேறு வேரிலிருந்து வந்த இரண்டு சொற்கள் ஒரே வேஷம் போட்டுக்கொண்டதும் உண்டு. இந்தக் கலவையின்மேல் வேறொரு விபத்து வந்து சேர்ந்தது. 1476-இல் காக்ஸ்டன் இங்கிலாந்தில் அச்சு யந்திரத்தை நிறுவினார். அச்சு வந்ததும் எழுத்துக் கூட்டு மெல்ல மெல்ல உறையத் தொடங்கிற்று. ஆனால் அந்த நூற்றாண்டிலும் அடுத்த இரண்டு நூற்றாண்டுகளிலும் உச்சரிப்பு பெரிய அளவில் மாறிக்கொண்டே போயிற்று. வீரனைக் குறிக்கும் "நைட்"டின் முதலில் நிற்கும் "கே" ஒரு காலத்தில் வாய்விட்டு உச்சரிக்கப்பட்டது. இரவைக் குறிக்கும் "நைட்"டில் அது எப்போதும் இருந்ததில்லை. இன்று வாயில் இரண்டும் ஒன்று. பழைய வித்தியாசத்தைக் காகிதம் மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறது.

ஆகவே இங்கிலீஷ் சொல்லின் பொருள் பல சமயம் ஒலியில் இல்லை, எழுத்திலேதான் இருக்கிறது. கேட்டுக் கற்றவன் இங்கே ஏமாறுகிறான்.

இனி நம் தேச சரித்திரத்தோடு ஒட்டிய சொற்களுக்கு வருவோம். "ஆர்டினன்ஸ்" என்று ஒரு சொல். "ஆர்ட்னன்ஸ்" என்று ஒரு சொல். முன்னதில் நடுவே "ஐ" என்ற எழுத்து உண்டு, பின்னதில் இல்லை. முன்னதற்கு அவசரச் சட்டம் என்று பொருள். பின்னதற்குப் பீரங்கி முதலான படைக்கலம் என்று பொருள். இரண்டுக்கும் தாய் ஒன்றே. ஏற்பாடு, ஒழுங்கு என்று அர்த்தப்படும் ஒரு பழைய பிரெஞ்சுச் சொல், சட்டப் புத்தகத்தில் ஒரு விதமாகவும் ஆயுதச் சாலையில் ஒரு விதமாகவும் பிரிந்தது. ஒரு வயிற்றில் பிறந்த இந்த இரண்டு பிள்ளைகளில் எது நம்மை அதிகமாகச் சுட்டது என்று கேட்டால், பதில் சொல்வது எளிதன்று.

1861-ஆம் வருஷத்து இந்தியக் கௌன்சில்கள் சட்டம், சட்டசபையைக் கேளாமலே ஆறு மாத காலத்திற்குச் செல்லக்கூடிய ஆர்டினன்ஸ் பிறப்பிக்கும் அதிகாரத்தை வைஸ்ராய்க்கு அளித்தது. பின்னால் வந்த இந்திய அரசாங்கச் சட்டத்தின் 72-ஆவது பிரிவு அதை அப்படியே காப்பாற்றிற்று. அந்த அதிகாரத்தைக் கொண்டுதான் 1930 மே 1-ந் தேதி இர்வின் பிரபு லாகூர்ச் சதி வழக்கு ஆர்டினன்ஸைப் பிறப்பித்தார். மூன்று நீதிபதிகள் கொண்ட விசேஷக் கோர்ட்டு. எதிரிகள் ஆஜராகாமலே விசாரணை நடத்தலாம். தீர்ப்பின்மேல் ஹைகோர்ட்டுக்கு அப்பீல் கிடையாது. அக்டோபர் 7-ந் தேதி தீர்ப்பு வந்தது. பகத் சிங், ராஜகுரு, சுகதேவ் மூவருக்கும் தூக்கு.

பின்பு விஷயம் லண்டனில் பிரிவி கௌன்சிலுக்குப் போயிற்று. இங்கே இன்னொரு ஜோடியைப் பார்க்கிறோம். "கௌன்சில்" என்றால் சபை; "கௌன்சல்" என்றால் ஆலோசனை, அன்றியும் வாதாடும் வக்கீல். முன்னதில் "ஸி", பின்னதில் "எஸ்". கடைசி உயிரெழுத்தும் வேறு. லத்தீனில் இவை வெவ்வேறு சொற்கள். இங்கிலீஷ்காரர்களே பல நூற்றாண்டுகள் இரண்டையும் குழப்பி எழுதி, வெகு காலம் சென்றே பிரித்தார்கள். பகத் சிங் தரப்பில் பிரிவி கௌன்சில் முன் நின்றவர் டி. என். பிரிட் என்ற கிங்ஸ் கௌன்சல். தேசத்தில் அவசர நிலை எதுவும் ஏற்படவில்லை, அவசரம் இல்லாத இடத்தில் 72-ஆவது பிரிவுக்கு வேலை இல்லை, ஆகவே ஆர்டினன்ஸே செல்லாது என்பது வாதம். 1931 பிப்ரவரியில் கௌன்சில் பதில் சொல்லிற்று: அவசரம் உண்டா இல்லையா என்று தீர்மானிக்க உரியவர் கவர்னர் ஜெனரல் ஒருவரே, அதைக் கோர்ட்டுகள் விசாரிக்க முடியாது. கௌன்சல் தோற்றது, கௌன்சில் வென்றது. மார்ச் 23-ந் தேதி மூவரும் தூக்கிலிடப்பட்டார்கள். வக்கீல் தொழில் கற்றவர்கள் அந்தச் சிறிய தீர்ப்பை ஒரு முறை படித்துப் பார்ப்பது நல்லது. "அவசரம்" என்ற ஒரு சொல்லுக்கு யார் அர்த்தம் சொல்வது என்பதில் மூன்று உயிர்கள் தொங்கிக்கொண்டிருந்தன.

இந்த இரு சொற்களும் அதற்கு முன்னே ஒரு முறை சேர்ந்து அடி வாங்கியதுண்டு. 1920 செப்டம்பரில் கல்கத்தாவில் கூடிய விசேஷக் காங்கிரஸ், சட்டசபைகளையும் கோர்ட்டுகளையும் ஒரே தீர்மானத்தில் பகிஷ்கரிக்கச் சொல்லிற்று. கௌன்சிலும் வேண்டாம், கௌன்சலும் வேண்டாம்! தாஸும் மோதிலால் நேருவும் நம் ராஜாஜியும் தொழிலைத் துறந்தார்கள். கௌன்சில் பிரவேசம் பற்றிய சண்டை மட்டும் 1922-இல் கயையில் மறுபடியும் தலைதூக்கிற்று என்பது வேறு கதை.

ஆர்டினன்ஸுக்குத் திரும்புவோம். சுயராஜ்யம் வந்த பின்னும் அந்த அதிகாரம் போகவில்லை; அரசியல் சாசனத்தின் 123-ஆவது ஷரத்து ராஷ்டிரபதிக்கும், 213-ஆவது ஷரத்து மாகாணக் கவர்னர்களுக்கும் அதை வழங்குகிறது. 2021 ஜூன் 30-ந் தேதி இந்திய சர்க்கார் ஒரு ஆர்டினன்ஸ் பிறப்பித்தார்கள். எதற்கு? ஆர்ட்னன்ஸ் தொழிற்சாலைகளில் வேலை நிறுத்தம் நடவாமல் தடுப்பதற்கு. தொழிற்சாலைகளைக் கம்பெனிகளாக மாற்றுவதைத் தொழிலாளர் எதிர்த்து நின்ற சமயம் அது. திருச்சியிலும் அருவங்காட்டிலும் அப்படிப்பட்ட தொழிற்சாலைகள் இருக்கின்றன. இங்கிலீஷில் படிப்பவன் கண்ணுக்கு "ஐ" என்ற எழுத்தாவது துணை செய்யும். அதையே தமிழில் எழுத்துக் கூட்டி, "ஆர்டினன்ஸ் தொழிலாளருக்கு எதிராக ஆர்டினன்ஸ்" என்று தலைப்புக் கொடுத்தால், வேலையை இழக்கக்கூடியவனுக்கு அதில் என்ன விளங்கும்?

"பிரிஸ்கிரைப்", "புரொஸ்கிரைப்" என்பது மற்றொரு ஜோடி. முன்னதற்கு விதித்தல், பின்னதற்குத் தடை செய்தல் என்று பொருள். எழுத்தில் சிறு மாற்றம். பொருளில் ஒன்றுக்கொன்று நேர் விரோதம். 1910-இல் காந்தியடிகளின் ஹிந்த் ஸ்வராஜ் நூலைப் பம்பாய் சர்க்கார் புரொஸ்கிரைப் செய்தார்கள். 1928-இல் பர்மா சர்க்கார் பாரதியார் பாடல்களைத் தடை செய்ய, அதைப் பின்பற்றிச் சென்னை சர்க்காரும் புத்தகங்களைப் பறிமுதல் செய்தார்கள். சத்தியமூர்த்தி சட்டசபையில் எழுந்து அதைக் கண்டித்துப் பேசியதைத் தேச பக்தர்கள் மறக்கமாட்டார்கள். அதே பாடல்கள் இன்று பள்ளிக்கூடங்களில் பாடமாக பிரிஸ்கிரைப் ஆகியிருக்கின்றன! அன்றைக்குப் போலீஸார் தேடிப் பிடுங்கிய புத்தகத்தை இன்றைக்கு உபாத்தியாயர் தேடிக் கொடுக்கிறார்.

1927-இல் சென்னை நகரம் "ஸ்டாட்யூ"வுக்கும் "ஸ்டாட்யூட்"டுக்கும் சேர்ந்தாற்போல் கோபப்பட்டது. மவுண்ட் ரோட்டில் நின்ற கர்னல் நீல் என்பவன் சிலையை அகற்றச் சத்தியாக்கிரகம் நடந்ததும் அந்த வருஷம். இந்தியர் ஒருவரும் இல்லாத சைமன் கமிஷன், அதாவது ஸ்டாட்யூட்டரி கமிஷன், நியமிக்கப்பட்டதும் அந்த வருஷம். சிலை 1937-இல் காங்கிரஸ் மந்திரி சபையின் காலத்தில் மியூஸியத்துக்குப் போயிற்று.

"பிரின்ஸிபல்" இரண்டில் ஒன்று தலைமை, அன்றியும் கடனின் முதல், மற்றொன்று கொள்கை. பிரின்ஸிபலுக்கு வட்டி கட்டியே மாண்டுபோனவர்களை நம் கிராமங்களில் காணலாம். பிரின்ஸிபிளுக்காக மாண்டவர்களை அரசியலில் இந்நாளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

சில சொற்களுக்கு எழுத்தும் ஒன்று, ஒலியும் ஒன்று; ஆனாலும் பொருள் இரண்டு. "ஸாங்க்ஷன்" என்றால் அனுமதி: சர்க்கார் ஊழியர்மேல் வழக்குத் தொடரச் சர்க்காரின் ஸாங்க்ஷன் வேண்டும். "ஸாங்க்ஷன்" என்றால் தண்டனையும் ஆகும்: 1935-இல் அபிசீனியாவின்மேல் பாய்ந்த இத்தாலிமீது சர்வதேச சங்கத்தார் விதித்தது அது. இவ்விஷயத்தில் இங்கிலீஷ்காரருக்கும் அமெரிக்கருக்குமே தகராறு வந்ததுண்டு. இரண்டாவது உலக யுத்தத்தில் இரு நாட்டுச் சேனாதிபதிகளும் கூடியபோது, ஒரு விஷயத்தை உடனே எடுத்துப் பேச விரும்பிய பிரிட்டிஷார் அதை "டேபிள்" செய்ய வேண்டும் என்றார்களாம். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்கு ஒத்திப் போட்டு மறந்துவிடுதல் என்று அர்த்தம். விஷயம் முக்கியமானது, மறக்கக் கூடாது என்று அமெரிக்கர் வாதாட, அதற்காகத்தானே சொல்கிறோம் என்று பிரிட்டிஷார் வாதாட, நெடுநேரம் காரசாரமாகப் போன பிறகே இரு தரப்பாரும் ஒரே கட்சி என்று தெரிந்தது. சர்ச்சில் இதைத் தமது யுத்த சரித்திரத்தில் எழுதி வைத்திருக்கிறார்.

நிற்க. இங்கிலீஷிலேயே உள்ள இந்தக் குழப்பம் போதாதென்று, அச்சொற்களைத் தமிழ் எழுத்தில் வாரிப் போட்டுக்கொண்டு நாம் புதிதாகக் குழப்பம் உண்டாக்கிக்கொள்கிறோம். இங்கிலீஷில் ஒலியாலும் எழுத்தாலும் சம்பந்தமே இல்லாத சொற்கள் நம்மிடம் வந்து இரட்டைப் பிள்ளைகளாகிவிடுகின்றன. பரீக்ஷையில் தேறாதவனும் "பெயில்". ஜெயிலிலிருந்து ஜாமீனில் வந்தவனும் "பெயில்". அடுப்பில் எரிவதும் "கேஸ்". கோர்ட்டில் நடப்பதும் "கேஸ்". கல்யாண ஊர்வலத்தில் முழங்குவது "பாண்டு". கடன்காரன் எழுதிக் கொடுப்பதும் "பாண்டு". வக்கீல் அணிவது "கோட்"; வக்கீல் படிப்பதும் "கோட்". "அவன் பிள்ளைக்குப் பெயில்" என்று யாராவது சொன்னால், துக்கம் விசாரிப்பதா, சந்தோஷம் கொண்டாடுவதா?

இது தமிழ் எழுத்தின் குறை என்று சொல்லும் அறிவாளிகள் உண்டு. நாம் அதை ஒப்புக்கொள்ளோம். தமிழில் ககரத்தின் ஒலி, அது நிற்கும் இடத்தைக் கொண்டு தானே விளங்கும்; தமிழ்ச் சொல்லை எழுதுவதற்கு அது போதும். அரமும் அறமும், மனமும் மணமும், பல்லியும் பள்ளியும் நம் பாஷையில் தெளிவாக வேறுபட்டு நிற்கின்றன. அந்த வேறுபாட்டை இங்கிலீஷ் எழுத்தில் காட்டச் சொன்னால் அவர்கள் எழுத்து விழிக்கும். இருபொருள் படப் பேசுவது நமக்குத் தெரியாத வித்தையும் அன்று. காளமேகப் புலவர் அதிலேயே பெயர் எடுத்தவர். ஆனால் சிலேடை பாட்டில் இருக்க வேண்டும். கடன் பத்திரத்தில் இருக்கலாமா?

ஜாமீன், ஜப்தி, தாவா, வாய்தா என்ற சொற்கள் இருக்கின்றனவே. அவை பாரஸீகத்திலிருந்தும் அரபியிலிருந்தும் வந்தவை என்று தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்கலாம். ஆனாலும் குடியானவனுக்கு அவை விளங்குகின்றன, ஒன்றோடொன்று குழம்புவதில்லை. அவசரச் சட்டம், படைக்கலத் தொழிற்சாலை, சட்டசபை, வக்கீல் என்று எழுதுவதில் பத்திரிகைகளுக்கு என்ன நஷ்டம்? அச்சுக் கோர்ப்பவர்க்கு இரண்டு எழுத்துக் கூடுதல் வேலை. அவ்வளவே.

இங்கிலாந்து தன் விஷயத்தில் என்ன செய்தது என்பதையும் பார்க்க வேண்டும். ஜயித்தவர் பாஷையான பிரெஞ்சில் கோர்ட்டுகள் நடந்து வந்த காலத்தில், 1362-ஆம் வருஷம், மூன்றாம் எட்வர்டு அரசன் ஒரு சட்டம் செய்தான். பிரெஞ்சு ஜனங்களுக்குத் தெரியாது. தங்களுக்கு அனுகூலமாகவோ விரோதமாகவோ வக்கீல்கள் பேசுவது வழக்காடுகிறவர்களுக்கே விளங்கவில்லை. ஆகையால் இனி வாதங்கள் இங்கிலீஷில் நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தச் சட்டமே பிரெஞ்சில்தான் எழுதப்பட்டிருந்தது! வக்கீல்கள் அதன் பின்னும் தங்கள் பழைய பிரெஞ்சை விடாமல் குறிப்பேடுகளில் காப்பாற்றி வந்தார்கள். ஏட்டில் இருந்த லத்தீனைப் போக்க 1731-இல் வேறொரு சட்டம் தேவையாயிற்று. நம் தொழில்காரர்களின் சுபாவம் எந்தத் தேசத்திலும் ஒன்றுதான் போலும்.

நம் அரசியல் சாசனத்தின் 348-ஆவது ஷரத்து, பார்லிமெண்டு வேறு விதமாகச் சட்டம் செய்யும் வரையில் சுப்ரீம் கோர்ட்டிலும் ஹைகோர்ட்டுகளிலும் நடவடிக்கைகள் இங்கிலீஷில் நடக்க வேண்டும் என்கிறது. ராஷ்டிரபதியின் சம்மதத்தோடு கவர்னர் தம் ராஜ்யத்துப் பாஷையை ஹைகோர்ட்டில் அனுமதிக்கலாம் என்று அதிலேயே ஒரு வழியும் வைத்திருக்கிறது. அந்த வழியாக ராஜஸ்தானிலும் உத்தரப் பிரதேசத்திலும் மத்தியப் பிரதேசத்திலும் பீகாரிலும் ஹிந்தி உள்ளே போயிற்று. 2006 டிசம்பரில் தமிழ்நாட்டுச் சட்டசபை, சென்னை ஹைகோர்ட்டில் தமிழை அனுமதிக்கும்படி தீர்மானம் செய்தது. 2012-இல் சுப்ரீம் கோர்ட்டு நீதிபதிகள் கூடி அதற்கு இணங்கவில்லை. நாற்பது வருஷம் நிலத்துக்காக வழக்காடிய கிழவன், தன் நிலம் தனக்கு உண்டா இல்லையா என்பதை இன்றும் வக்கீலின் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறான்.

சட்டம் மாறும் வரையில் காரியகர்த்தர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கிராமத்தில் இங்கிலீஷ் பத்திரம் ஒன்றில் ஒருவர் கையெழுத்துப் போடப் போகிறார் என்றால், எழுத்துத் தெரிந்த ஒருவர் கூடப் போகட்டும். "மார்ட்கேஜர்" என்றால் அடமானம் வைத்தவர், "மார்ட்கேஜீ" என்றால் அடமானம் வாங்கியவர். "லெஸ்ஸர்" என்றால் குத்தகைக்கு விட்டவர், "லெஸ்ஸீ" என்றால் எடுத்தவர். வித்தியாசம் முழுவதும் சொல்லின் வாலில் இருக்கிறது. அந்தச் சொற்கள் வரும் இடந்தோறும் வால் "ஓ, ஆர்" என்று முடிகிறதா, இரண்டு "ஈ" என்று முடிகிறதா என்று விரலை வைத்துப் பார்த்து, யார் பெயருக்கு நேரே எது நிற்கிறது என்பதைத் தமிழில் உரக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு பேனாவை அவர் கையில் கொடுக்கட்டும்.